எடைக்குப் போன கப்பல்கள்

(ஜொகூர் பாருவில் ஒரு மாலைக் கூட்டத்தில் பேசியது. அச்சுக்காகச் சில இடங்கள் சுருக்கப்பட்டுள்ளன.)



"கடலைப் பற்றி ஏதாவது பேசுங்கள்" என்றுதான் என்னை அழைத்தார்கள். கடல் என்றதும் நம் பேச்சாளர்கள் ராஜேந்திர சோழனைக் கையைப் பிடித்து மேடைக்கு அழைத்து வந்துவிடுவார்கள். அவருக்கு இன்று ஓய்வு கொடுப்போம். நான் ஒரு தகரப் பெட்டியிலிருந்து தொடங்குகிறேன்.

என் தாத்தா நாகப்பட்டினத்தில் ராஜுலா கப்பல் ஏறியபோது கொண்டு வந்த பெட்டி. பச்சைச் சாயம் அடித்து, மூடியின் மேல் வெள்ளை எழுத்தில் அவர் பெயரும் ஊரும் எழுதியிருந்தது. இங்கே உட்கார்ந்திருப்பவர்களில் பாதிப் பேர் வீட்டில் அதேமாதிரி ஒன்று இருந்திருக்கும். அறுபது வருடத்துக்கு மேல் எங்கள் கட்டிலுக்கு அடியில் கிடந்தது. ஒருநாள் பழைய பேப்பர் லோரி ஒலிபெருக்கியைப் போட்டுக்கொண்டு தெருவுக்குள் வந்தபோது, அம்மா அதை வாசலுக்கு இழுத்துப் போட்டுவிட்டார். லோரிக்காரர் தராசில் தொங்கவிட்டார். ஆறு கிலோ சொச்சம். ஐந்து ரிங்கிட் எண்ணிக் கொடுத்தார். கொடுத்தவர் ஏதோ நினைத்துக்கொண்டு, முன்னால் தொங்கிய பூட்டைச் சுத்தியலால் தட்டிக் கழற்றினார். "இது பித்தளைம்மா, இதுக்கு வேற விலை" என்றாராம். நேர்மையான மனிதர். அம்மா பூட்டை மட்டும் விற்காமல் வாங்கி வைத்துக்கொண்டார். சாயங்காலம் நான் வந்து சத்தம் போட்டபோது அவர் சொன்ன பதில்: "அடி ஓட்டையாகி கரப்பான் அடைஞ்சு கெடந்துச்சுப்பா. அதுல தாத்தா எங்க இருந்தாரு?"

அந்தக் கேள்விக்கு எனக்கு அன்று பதில் வரவில்லை. அதனால்தான் இன்று உங்கள் நேரத்தை எடுத்துக்கொள்கிறேன்.

ராஜுலாவைப் பற்றி முதலில். ஸ்காட்லாந்தில் கிளாஸ்கோ நகரத்தின் வழியாக கிளைடு என்று ஓர் ஆறு ஓடுகிறது. அதன் கரையில் பார்க்ளே கர்ல் என்ற கப்பல் கட்டும் நிறுவனம் 1926இல் பிரிட்டிஷ் இந்தியா கம்பெனிக்காகக் கட்டிய கப்பல் அது. சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம், சிங்கப்பூர் என்று போய்த் திரும்பும். மேல்வகுப்பில் நூற்றுச் சொச்சம் பேர்; தளத்தில் பாய் விரித்துப் படுத்து வருவதற்கு ஐயாயிரத்துக்கும் மேற்பட்டோர் என்று தொடக்கத்தில் அதற்கு அனுமதி இருந்தது. போருக்குப் பின் இந்த எண்ணிக்கையை வெகுவாகக் குறைத்தார்கள். ஐயாயிரம் பேர் என்றால் ஒரு சிற்றூர். ஒரு சிற்றூரே சமையல் சட்டி, ஊறுகாய் ஜாடி, வாந்தி, குழந்தையின் அழுகை எல்லாவற்றோடும் வங்கக் கடலைத் தாண்டி வந்தது.

அதன் எடை 8,478 டன் என்று பலர் எழுதுகிறார்கள். நானும் எழுதியிருக்கிறேன். தப்பு. அந்த எண் எடையே அல்ல. கப்பலின் உள்ளே மூடிய இடம் எவ்வளவு என்று, நூறு கன அடிக்கு ஒரு டன் என அந்தக் காலத்தில் அளந்த கொள்ளளவு அது. ஆனால் கப்பலை உடைக்க வாங்குபவருக்கு அந்த எண்ணால் ஒரு பயனும் இல்லை. அவர் கேட்பது வேறு டன்: சரக்கு, எரிபொருள், தண்ணீர், ஆட்கள் எல்லாம் போக வெறும் கப்பல் எவ்வளவு கனம்? அந்த வெற்றெடைக்குத்தான் டன்னுக்கு இத்தனை டாலர் என்று இன்றும் விலை பேசுகிறார்கள். சந்தை படுத்த ஆண்டில் 400 டாலருக்குக் கீழேயும் போகும். சூடான ஆண்டில் 600 டாலரைத் தாண்டியும் போகும். ஆக, ஒரு கப்பலுக்கு வாழ்நாள் முழுக்க ஒரு டன். செத்த அன்று இன்னொரு டன். முதலாவது எவ்வளவு ஏற்றலாம் என்று சொல்வது. இரண்டாவது எவ்வளவு உருக்கலாம் என்று சொல்வது.

யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்பார்கள். கப்பல் அப்படியில்லை. ஓடுகிற கப்பலின் விலை அதன் இரும்பில் கிடையாது, அது ஓடும் வழியில் இருக்கிறது. இதற்கு நம் ஜொகூரிலேயே சாட்சி உண்டு. இப்போது இந்த மண்டபத்திலிருந்து ஒரு நடை நடந்தால் வரும் சிங்கப்பூர்ப் பாலத்தில் தினமும் நாம் திட்டிக்கொண்டே நிற்கிறோமே, அது வருவதற்கு முன்னால் நீரிணையைப் படகில்தான் கடந்தார்கள். 1909இல் ஜொகூர் ரயில் பாதை முடிந்த பிறகு பயணிகளுக்குப் படகு. சில காலம் கழித்துச் சரக்கு ரயில் பெட்டிகளையே தண்டவாளம் பதித்த படகில் தள்ளி ஏற்றி அக்கரையில் இழுத்துக்கொண்டார்கள். 1923இல் பாலத்தின் மேல் ரயில் ஓடத் தொடங்கியது; 1924 ஜூன் 28இல் முறையான திறப்பு விழா. அன்று காலை வரை அந்தப் படகுகளில் ஓர் ஆணிகூடக் கழன்றிருக்கவில்லை. ஆனால் வேலை போய்விட்டது. மூவாரிலும் 1960களில் பாலம் வந்தபோது ஆற்றுப் படகுக்கு அதே கதைதான். படகு பழுதானால் மட்டும் எடைக்குப் போவதில்லை. பக்கத்தில் பாலம் முளைத்தாலே போதும்.

ராஜுலாவுக்கு முளைத்த பாலம் ஆகாய விமானம். 1973இல் அதை இந்தியக் கப்பல் கழகம் வாங்கி, அந்தமானில் உள்ள ஓர் ஊரின் பெயரை வைத்து ரங்கத் என்று அழைத்தது. மறு ஆண்டு பம்பாயில் உடைத்துவிட்டார்கள். ஏறக்குறைய நாற்பத்தெட்டு வருட உழைப்பு. நம் ஆட்கள் கடைசிவரை அதை ராஜுலா என்றுதான் சொன்னார்கள். புதுப் பெயர் யார் வாயிலும் நுழையவில்லை.

இங்கே ஒரு நுட்பம் சொல்ல வேண்டும். இந்தியாவில் உடைக்கும் கப்பலின் தகடுகள் எல்லாம் உலையில் உருகிப் போவதில்லை. நல்ல தகடாக இருந்தால் நீளநீளமாக வெட்டி, பழுக்கக் காய்ச்சி, உருளைக்குள் விட்டு நேராகக் கட்டடக் கம்பியாக இழுத்துவிடுவார்கள். உருக்குவதைவிடச் செலவு குறைவு. ஆகவே பம்பாயில் ஏதோ ஒரு மூன்று மாடிக் கட்டடத்தின் தூணுக்குள், நம் பாட்டனார் முதுகு சாய்த்த தளம் கம்பியாக நின்றுகொண்டிருக்க வாய்ப்பு நிறைய உண்டு. எனக்கு இதை நினைத்தால் வருத்தம் வரவில்லை. ஏதோ ஒரு குடும்பத்தின் கூரையைத் தாங்குகிறது. தாங்கட்டும்.

அதன் உடன்பிறப்பு ரோனாவுக்கு இந்தக் கொடுப்பினை இல்லை. அதே கம்பெனி, அதே 1926. படை ஏற்றிக்கொண்டு மத்தியதரைக் கடலில் போனபோது 1943 நவம்பர் 26இல், ஜெர்மானியர் விமானத்திலிருந்து ஏவி வானொலி அலையால் திருப்பிய குண்டு பாய்ந்து அல்ஜீரியக் கரைக்கு அப்பால் மூழ்கியது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட அமெரிக்கச் சிப்பாய்கள் மாண்டார்கள். கப்பல் ஊழியரிலும் நூறு பேருக்கு மேல் போனார்கள். இரட்டையரில் ஒன்று கம்பியாயிற்று, ஒன்று கல்லறையாயிற்று. இந்த வேறுபாட்டை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

ராஜுலாவின் இடத்துக்கு வந்தது சிதம்பரம். பிரான்சில் டன்கர்க் துறையில் கட்டி 1966இல் தென் அமெரிக்க வழியில் பாஸ்டர் என்ற பெயரில் ஓடிய சொகுசுக் கப்பல். 1970களின் தொடக்கத்தில் இந்தியக் கப்பல் கழகத்தின் கைக்கு வந்து நம் வழியில் ஓடியது. சிதம்பரத்தில் வந்தவர்கள் இந்த அரங்கில் இருக்கிறீர்கள்; கை தூக்குங்கள் பார்ப்போம்... ஆறு, ஏழு பேர். மகிழ்ச்சி. 1985 பிப்ரவரியில் சென்னையை நோக்கிப் போகையில் நடுக்கடலில் அது தீப்பிடித்தது. பயணிகள் பலர் இறந்தார்கள். கப்பல் மூழ்கவில்லை, கரை சேர்ந்தது. கட்டி இருபது வருடம்கூட ஆகாத கப்பல்.

இந்தக் கட்டத்தில்தான் ஒரு கணக்குப் போடுவார்கள். கப்பல் காப்புறுதித் தொழிலில் பழகிய கணக்கு அது. பழுதுபார்க்க ஆகும் செலவு, பழுதுபார்த்த பின் கப்பல் பெறப்போகும் விலையைவிட அதிகமாகிவிட்டால், அது மிதந்துகொண்டிருந்தாலும் மூழ்கியதாகவே பொருள். கப்பல் கண்முன் நிற்கும். ஏட்டில் போய்ச் சேர்ந்திருக்கும். மேல்தளத்தில் வெந்துபோன அறைகள், உருகிய மின்கம்பிகள், வளைந்த தகடுகள். இன்னொரு பக்கம் விமானச் சீட்டு மலிவாகிக்கொண்டே வரும் காலம். சிதம்பரமும் பம்பாய்க்கு உடைக்கப் போனது. அதோடு தமிழ்நாட்டுக்கும் இந்த நாட்டுக்கும் நடுவே இருந்த அந்தக் கப்பல் வழி அறுந்தது. "கப்பல் கவிழ்ந்த மாதிரி கன்னத்தில் கை வைக்காதே" என்று நம் வீடுகளில் சொல்வார்கள். அன்று கப்பல் கவிழாமலே பல பேர் கன்னத்தில் கை வைத்தார்கள்.

தமிழ்நாட்டில் பழைய இரும்புக் கடைக்குக் காயலான் கடை என்று பேர். நாம் இங்கே அவ்வளவாகச் சொல்வதில்லை. பெசி புருக் என்று மலாயிலேயே சொல்லிவிடுகிறோம். காயலான் என்றால் காயல்பட்டினத்துக்காரர். அவ்வூர் வணிகர்கள் பழைய இரும்புத் தொழிலில் கால் பதித்ததால் வந்த பெயர் என்பதே பரவலான விளக்கம். தாமிரபரணி முகத்துவாரத்துக் காயல் துறையில் அரபுக் குதிரைகள் இறங்கிய செழிப்பை மார்க்கோ போலோ எழுதி வைத்திருக்கிறார். கடலோடிகளின் ஊர்ப் பெயர் கடைசியில் ஓட்டை ஈயப் பாத்திரம் வாங்கும் கடைக்குப் பெயராகிவிட்டது. சிலர் இதை இழிவாகச் சொல்வார்கள். எனக்கு அப்படிப் படவில்லை. செத்த பொருளுக்கு நியாயமான விலை சொல்லத் தெரிந்தவன் உயிருள்ள பொருளை நன்றாக அறிந்தவனாகத்தான் இருப்பான்.

இனி ஜொகூருக்கு வருகிறேன்.

2023 மே 28. தஞ்சோங் சியாங் கடற்பகுதியில் அனுமதி இல்லாமல் நங்கூரம் போட்டிருந்த ஒரு கப்பலை மலேசியக் கடல்சார் அமலாக்க நிறுவனம் தடுத்து நிறுத்தியது. பெயர் சுவான் ஹோங் 68. சீனாவின் பூச்சோ நகரில் பதிவான, பெரிய பாரந்தூக்கி பொருத்திய தூர்வாரும் கப்பல். உள்ளே 32 பேர்: சீனர் 21, வங்காளதேசத்தார் 10, மலேசியர் ஒருவர். தளத்தில் துருப்பிடித்த பழைய இரும்பு குவிந்திருந்தது. அதற்குள் பீரங்கிக் குண்டுகள். அதே நாள்களில் ஜொகூரில் ஒரு பழைய இரும்புக் கிடங்கிலும் அதே வகைக் குண்டுகள் கிடந்ததாகச் செய்தி வந்தது. யாருடைய குண்டுகள்? 1941 டிசம்பர் 10இல் குவாந்தானுக்கு அப்பால் ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்த இரண்டு பிரிட்டிஷ் போர்க்கப்பல்களுடையவை என்று சந்தேகம் எழுந்தது. பிரின்ஸ் ஆப் வேல்ஸ், ரிபல்ஸ்.

பள்ளிக்கூடப் பாடத்தில் படித்திருப்பீர்கள். விமானப் பாதுகாப்பு இல்லாமல் வடக்கே போன இரு பெருங்கப்பல்கள். இந்தோசீனாவிலிருந்து புறப்பட்ட விமானங்கள். சில மணி நேரத்தில் இரண்டும் போயின. இறந்தவர்கள் 840 பேர். தங்கள் பாதுகாப்புக்குச் சுட்டுக்கொண்டே ஓடிக்கொண்டிருந்த பெருங்கப்பல்களை விமானம் மட்டுமே தனித்து மூழ்கடித்தது உலகப் போர் வரலாற்றில் அதுதான் முதல் தடவை என்பார்கள். பாதுகாப்பு என்றா சொன்னேன்? பாதுகாப்பு பீரங்கியில் இருந்தது, வானத்தில் இல்லை. இரண்டு மாதம் கழித்துச் சிங்கப்பூர் விழுந்தது. அதன் பின் சயாம் ரயில் பாதைக்கு நம் தோட்டத்து ஆட்களைப் பிடித்துக்கொண்டு போன கதையை நான் இந்த அவைக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்த 840 பேரும் நமக்கு முழுக்க அந்நியர் அல்லர் என்பதற்காகச் சொல்கிறேன்.

இன்னொன்றும் உண்டு. ரிபல்ஸ் கட்டப்பட்டது எங்கே தெரியுமா? அதே கிளைடு ஆற்றங்கரையில், ஜான் பிரவுன் தளத்தில், 1916இல். ராஜுலாவுக்குப் பத்து வயது மூத்தது. ஒரே ஆற்றில் இறங்கிய இரண்டு கப்பலும் நம் கடலுக்கு வந்தன. ஒன்று முறையாகக் கைமாறி, கையெழுத்துப் போட்டு, பட்டப்பகலில் உடைபட்டது. மற்றொன்று ஏறத்தாழ 60 மீட்டர் ஆழத்தில், உள்ளே மனித எலும்புகளோடு கிடக்க, மேலிருந்து இரும்பு நகம் இறங்கிக் கிள்ளிக் கிள்ளி எடுத்தது.

ஏன் எடுக்கிறார்கள் என்று கேட்டால் படித்தவர்கள் ஒரு கதை சொல்வார்கள். 1945 ஜூலையில் முதல் அணுகுண்டுச் சோதனை நடந்த பிறகு காற்றில் கதிரியக்கத் துகள்கள் கலந்துவிட்டன. உருக்காலையில் ஊதும் காற்றோடு அவை இரும்புக்குள்ளும் போய்விடும். ஆகவே மிக நுண்ணிய கதிரியக்கத்தை அளக்கும் கருவிகளுக்குப் போருக்கு முந்தைய இரும்பு தேவை. அதனால் மூழ்கிய கப்பல்களுக்குக் கிராக்கி. இது பொய்யில்லை. ஸ்காட்லாந்தின் ஸ்காப்பா புளோவில் 1919இல் ஜெர்மானியர் தாங்களே மூழ்கடித்த கப்பல்களிலிருந்து அப்படி இரும்பு எடுத்தார்கள். ஆனால் 1963இல் வளிமண்டலச் சோதனைகளுக்குத் தடை உடன்படிக்கை வந்தபின் காற்று மெல்லத் தெளிந்துவிட்டது. இன்றைய புது இரும்பே பெரும்பாலான வேலைக்குப் போதும். அந்தக் கதை கேட்க நன்றாக இருக்கிறது, அவ்வளவுதான்.

உண்மையான காரணம் எங்கள் வீட்டுப் பெட்டியின் பூட்டில் இருக்கிறது. போர்க்கப்பலின் விசிறி, அதாவது புரொப்பெல்லர், வெண்கலம். ஒவ்வொன்றும் பல டன். பிரின்ஸ் ஆப் வேல்சுக்கு நான்கு, ரிபல்சுக்கு நான்கு. உள்ளே மைல் கணக்கில் செம்புக் கம்பி, நீராவியைக் குளிர்விக்கும் செம்புக் கலவைக் குழாய்கள். கிலோவுக்குக் கிலோ பார்த்தால் செம்பு பழைய இரும்பைப்போல் இருபது மடங்குக்கும் மேல் விலை போகும். அதனால்தான் திருடர்கள் முதலில் விசிறியில் கை வைத்தார்கள். 2014 வாக்கிலேயே அவை காணாமற்போன செய்தி வந்துவிட்டது. பூட்டு முதலில், பெட்டி பிறகு. ஜாவாக் கடலில் பெட்டியே போய்விட்டது. 1942 பிப்ரவரியில் மூழ்கிய டி ரைட்டர், ஜாவா என்ற இரு டச்சுக் கப்பல்களை 2016இல் முக்குளிப்பவர்கள் தேடிப் போனபோது, மணலில் கப்பல் வடிவத்தில் பள்ளம்தான் இருந்தது. நூற்றி எழுபது மீட்டர் நீளக் கப்பலை யாரும் அறியாமல் எடுத்துப்போயிருக்கிறார்கள். எலும்புகள் எங்கே போயின என்று டச்சுக்காரர்கள் கேட்டார்கள். பழைய இரும்புக் கிடங்கில் அதற்குத் தனித் தராசு கிடையாது.

சுவான் ஹோங் மீது முதலில் வைத்த குற்றச்சாட்டு என்ன என்று பாருங்கள்: அனுமதியின்றி நங்கூரம் போட்டது. நமது வணிகக் கப்பல் சட்டத்தில் அதற்கு ஒரு லட்சம் ரிங்கிட் வரை அபராதமோ இரண்டு ஆண்டு வரை சிறையோ உண்டு. கல்லறையைத் தோண்டியவனை வண்டியைத் தப்பான இடத்தில் நிறுத்தியதற்காகப் பிடிப்பதுபோல் இருக்கிறது. பிரிட்டன் 2001இல் இவ்விரண்டையும் போர்வீரர் நினைவிடமாக அறிவித்தது. ஆனால் கப்பல்கள் கிடப்பது அவர்கள் கையெட்டும் கடலில் இல்லை. நம்மிடம் 2005ஆம் ஆண்டின் தேசிய மரபுடைமைச் சட்டம் இருக்கிறது. சட்டத்தில் குறை என்று நான் சொல்லமாட்டேன். அறுபது மீட்டர் ஆழத்தில் கிடப்பதற்கு யார் தினமும் காவல் நிற்பது? அதுதான் பிரச்சினை. கடலில் பிடிப்பது கடினம், கரையில் சுலபம். ஏனென்றால் எந்த இரும்பும் கடைசியில் ஒரு தராசுக்கு வந்தே ஆக வேண்டும்.

பிரின்ஸ் ஆப் வேல்சின் மணியை 2002இல் முறைப்படி மேலே எடுத்து லிவர்பூல் அருங்காட்சியகத்தில் வைத்தார்கள். திருடர் கைக்குப் போவதற்கு முன் எடுத்துவிடலாம் என்ற முன்யோசனை. நாம் ராஜுலாவின் மணி எங்கே என்று 1974இல் கேட்கவில்லை. அப்போது தோட்டங்கள் துண்டாடப்பட்டு, குடியுரிமை இல்லாத சிவப்பு அடையாள அட்டைக்காரர்கள் வேலை அனுமதி கேட்டு அலைந்து ஓய்ந்திருந்த நேரம். மணியைக் கேட்க எவருக்கு நேரம்? இதைக் குறையாகச் சொல்லவில்லை. ஆனால் கணக்கில் எழுதி வைக்க வேண்டும்.

இந்த உரைக்காகச் சென்ற மாதம் பாசிர் கூடாங் பக்கம் ஒரு பழைய இரும்புக் கிடங்குக்குப் போனேன். நம்மவர்தான் முதலாளி. அறுபதைத் தாண்டியவர். மலைபோல் குவியல், கதவு, கார் எஞ்சின், சலவை இயந்திரம், ஒரு சிறு படகின் பாதி. எல்லாம் மின் உலைக்குப் போகும். "கடல்ல கெடந்த இரும்பு உங்களுக்குத் தெரியுமாண்ணே?" என்று கேட்டேன். சிரித்தார். "துருவைப் பாத்தாலே தெரியும் தம்பி. தரையில கெடந்தா செவப்பாப் பொடியும். கடலடியில கெடந்தா கறுப்பா, சிப்பி ஒட்டி, ஏடு ஏடா உரியும். உள்ள நல்லா இருக்கும். அந்தக் காலத்து இரும்பு, தட்டினா சத்தமே வேற."

"அப்படி யாராவது லோரியில் கொண்டு வந்து கொட்டினால்?"

அவர் உடனே பதில் சொல்லவில்லை. உள்ளே திரும்பி, எனக்கு ஒரு தே தாரிக் சொன்னார். பிறகு குவியலின் ஓரத்தில் தனியாகக் கிடந்த ஒரு கனத்த தகட்டைக் காலால் தட்டினார். சத்தம் நன்றாகத்தான் இருந்தது.

"எடை போட்டப்புறம் எல்லாம் ஒண்ணுதான் தம்பி. எடை போடறதுக்கு முன்னாடிதான் கேக்கணும்."

தேநீர் வந்தது. நான் பையிலிருந்த தாத்தாவின் பூட்டை எடுத்துக் காட்டினேன். கையில் வாங்கி, நிறுத்துப் பார்ப்பதுபோல் இரண்டு தடவை மேலும் கீழும் அசைத்து, அலிகரா திண்டுக்கல்லா என்று கேட்டார்.